மழலைச் செவிக்குப் பல்சுவை இசை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

குழந்தைக்கு எந்த மாதத்தில் சோறூட்ட வேண்டும், எந்த வயதில் அகரம் எழுதப் பழக்க வேண்டும் என்பதைப் பெற்றோர் யாவரும் அறிவர். ஆனால், அக்குழந்தையின் காதுக்கு எதை ஊட்டுவது என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. நாவுக்கு அறுசுவையும் வேண்டும் என்று கூறும் நாம், செவிக்கு மட்டும் ஒரே சுவையை நாள்தோறும் ஊட்டுகிறோம். பிறகு, “என் பிள்ளைக்கு வேறு பாட்டே பிடிக்காது” என்று பெருமையாகவும் சொல்லிக் கொள்கிறோம்.

“மணமாகாத இருபது வயது மாணவன் பெற்றோருக்கு அறிவுரை கூறப் புறப்பட்டுவிட்டானே!” என்று சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும். இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் நாம் இன்னும் சில ஆண்டுகளில் பெற்றோர் ஆகப் போகிறவர்கள்தாமே! அதுமட்டுமன்று, எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆகவே வீட்டில் எந்த ஐயம் எழுந்தாலும், “படிச்சவன் நீதான், சொல்லு தம்பி” என்று என்னிடமே வருகிறார்கள். என் அக்காள் கேட்ட கேள்வி இது: “புள்ளைய இங்கிலீசு பள்ளிக்கூடத்துல சேக்கப் போறோம். நம்ம பாட்டெல்லாம் கேட்டு வளந்தா அது பின்தங்கிப் போயிடுமா? செல்போன்ல வர்ற இங்கிலீசு பாட்டு மட்டும் போட்டுக் காட்டட்டுமா?” அக்காளுக்கு மட்டுமன்றி, சவ்வாது மலையில் பல தாய்மார்களுக்கும் இருக்கும் அச்சம் இது. அவர்களுக்குச் சொல்ல வேண்டிய விடையை நூலகத்திலும் வகுப்பிலும் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

செவி எப்போது திறக்கிறது?

குழந்தை பிறந்த பிறகுதான் கேட்கத் தொடங்குகிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. தாயின் வயிற்றில் ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும்போதே சிசுவின் காது வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. 1980 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்னும் இரு ஆய்வாளர்கள் பிறந்து சில நாள்களே ஆன சிசுக்களிடம் ஒரு சோதனை நடத்தினர். வாயில் வைத்த இரப்பர் காம்பைச் சிசு ஒரு விதமாகச் சப்பினால் தாயின் குரல் ஒலிக்கும். வேறு விதமாகச் சப்பினால் வேறொரு பெண்ணின் குரல் ஒலிக்கும். சிசுக்கள் தாயின் குரல் ஒலிக்கும்படியே சப்பப் பழகிக் கொண்டன. கருவில் இருந்தபோதே கேட்டுப் பழகிய குரலைக் குழந்தை நாடுகிறது என்பதே இதன் பொருள்.

ஆகவே, குழந்தையின் முதல் இசைக் கருவி தாயின் தொண்டை. களை எடுக்கும்போதும் புளி தட்டும்போதும் கருவுற்ற தாய் முணுமுணுக்கும் பாட்டு வீண் போவதில்லை. “எனக்குக் குரல் நன்றாக இல்லையே” என்று எந்தத் தாயும் வருந்த வேண்டா. குழந்தைக்கு அதைவிட இனிய குரல் உலகில் இல்லை.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர் போலும்! பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையில் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்துள்ளனர். அவற்றுள் தாலப் பருவம் தாலாட்டுக் கேட்கும் பருவம். சப்பாணிப் பருவம் கை கொட்டும் பருவம். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் வரும் சிறுபறைப் பருவம் சிறு பறையைத் தானே முழக்கும் பருவம். முதலில் கேட்டல், அடுத்துத் தாளம் கொட்டல், அதன்பின் கருவி முழக்கல் என்ற இவ்வரிசையைவிடச் சிறந்த இசைப் பாடத்திட்டம் ஒன்று உண்டோ? பெண் குழந்தையின் கையில் அவர்கள் பறையைத் தரவில்லை, நாம் தருவோம்.

ஆறு மாதமும் பன்னிரண்டு மாதமும்

பல வகை இசையை இளமையிலேயே கேட்கச் செய்ய வேண்டும் என்பதற்கு அறிவியல் தரும் சான்றுகளுள் எனக்கு மிகவும் வியப்பளித்தது ஒன்று உண்டு. அதைச் சற்று விரிவாகக் காண்போம்.

மேலைநாட்டு இசை பெரும்பாலும் இரண்டு, மூன்று, நான்கு என்ற எளிய எண்ணிக்கையில் நடக்கும். பல்கேரியா முதலிய பால்கன் நாடுகளின் நாட்டுப்புற இசையிலோ ஏழு முதலிய ஒற்றைப்படை எண்ணிக்கைகள் மிகுதி. 2005 ஆம் ஆண்டில் எரின் ஹேனன், சாண்ட்ரா ட்ரெஹப் என்னும் இரு பெண் ஆய்வாளர்கள் வட அமெரிக்கக் குழந்தைகளுக்கு இருவகை இசையையும் கேட்கச் செய்து, இடையே தாளத்தைச் சிறிது கெடுத்துப் பார்த்தனர். ஆறு மாதக் குழந்தைகள் இருவகை இசையிலும் அத்தவற்றைக் கண்டு கொண்டன. பன்னிரண்டு மாதக் குழந்தைகளோ தம் நாட்டு இசையில் மட்டுமே கண்டன. பால்கன் இசையில் தாளம் கெட்டதை அவை உணரவில்லை. ஆறே மாதத்தில் ஒரு கதவு சாத்திக் கொண்டது!

ஆனால் தாழ்ப்பாள் விழவில்லை என்பதுதான் மகிழ்ச்சிக்குரிய செய்தி. பன்னிரண்டு மாத வயதுக் குழந்தைகளுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம், நாள்தோறும் சிறிது நேரம் பால்கன் இசையை வீட்டில் போட்டுக் காட்டினர். கதவு மீண்டும் திறந்தது. பெரியவர்களுக்கும் அவ்வாறே செய்து பார்த்தனர். அவர்களிடம் அத்தகைய மாற்றம் ஏற்படவில்லை. இளம் செவி ஈர மண். விரல் பட்டாலே தடம் பதியும். முதிர்ந்த செவி சுட்ட மண்.

இதை நம் நாட்டோடு பொருத்திப் பாருங்கள். நம் இசையில் எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம் மட்டுமா உள்ளது? ஐந்து எண்ணிக்கையில் கண்டசாப்பு உண்டு. ஏழு எண்ணிக்கையில் மிசிரசாப்பு உண்டு. அமெரிக்கக் குழந்தைக்கு இசைத்தட்டில் போட்டுக் காட்ட வேண்டியிருந்ததை, நம் குழந்தை கோயில் வாசலில் தவில் முழங்கும்போது இடுப்பில் அமர்ந்தபடியே கேட்டுவிடுகிறது. இந்தச் செல்வத்தை விட்டுவிட்டு, இங்கிலீசுக் குழந்தைப் பாட்டை மட்டும் கேட்கச் செய்வது, பானை நிறையத் தேன் இருக்கச் சர்க்கரைக்குக் கடை தேடுவது போலாகும்.

எது இனிமை என்பதும் பெரும்பகுதி பழக்கமே. தென் அமெரிக்காவில் பொலிவியா நாட்டுக் காட்டுப் பகுதியில் சிமானே என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். வெளி உலக இசையை அதிகம் கேட்டறியாத அவர்களிடம் நடத்திய ஆய்வு 2016 இல் வெளியாயிற்று. நகர மக்கள் இனிமை என்று கருதும் சுரச் சேர்க்கையையும், கரகரப்பு என்று ஒதுக்கும் சேர்க்கையையும் அவர்கள் ஒன்று போலவே மதித்தனர். மறுபுறம், 2021 இல் வெளியான மற்றோர் ஆய்வில், அமெரிக்கக் குழந்தைகளுக்கு முன்பின் அறியாத மொழிகளின் தாலாட்டுகளைப் போட்டபோது, மற்றப் பாட்டுகளைவிடத் தாலாட்டுக்கு அவை மிகுதியாக அமைதி கொண்டன. இதயத் துடிப்பும் தணிந்தது. சில பண்புகள் மனித இனம் முழுமைக்கும் பொது. மற்றவை கேட்டுப் பழகியதால் வருவன. இவ்விரண்டையும் பெற்றோர் நினைவில் கொள்ள வேண்டும்.

இசை கேட்டால் அறிவு வளருமா?

“இந்த இசையைக் கேட்டால் குழந்தையின் மூளை வளரும்” என்று விளம்பரம் செய்வோர் பலர். இதன் வேர் 1993 இல் வெளியான ஒரு சிறு ஆய்வு. அமெரிக்காவில் 36 கல்லூரி மாணவர்கள் மோசார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்ட பிறகு, வடிவங்களை மனத்தில் மடித்துப் பார்க்கும் சோதனையில் சற்று அதிக மதிப்பெண் பெற்றனர். அப்பயன் பத்துப் பதினைந்து நிமிடமே நீடித்தது. சோதிக்கப்பட்டவர்கள் குழந்தைகளே அல்லர்! ஆயினும் செய்தி ஊதிப் பெருகியது. 1998 இல் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் இசைத்தட்டு வழங்க அரசுப் பணம் கேட்கும் அளவுக்குப் போய்விட்டது. பின்னர் வந்த ஆய்வுகள் இந்நம்பிக்கையைத் தாங்கவில்லை. 2013 இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தினர் நான்கு வயதுக் குழந்தைகளைப் பெற்றோருடன் இசை வகுப்பில் சேர்த்துச் சோதித்தபோதும், அறிவுத் திறனில் நம்பத்தக்க உயர்வு எதுவும் தென்படவில்லை.

இதனால் இசை பயனற்றது என்பதா? அன்று. சோறு ஊட்டுவது மதிப்பெண்ணுக்காகவா? நிலவைக் காட்டுவது தேர்வுக்காகவா? இசை தன்னளவிலேயே ஒரு செல்வம். அக்காளின் கேள்விக்கு இங்கேயே பாதி விடை கிடைத்துவிடுகிறது. இங்கிலீசுப் பாட்டு மூளையை வளர்ப்பதும் இல்லை. நம் பாட்டு பிள்ளையைப் பின்தள்ளுவதும் இல்லை.

மலையில் கிடைக்கும் இசை

தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைக் கூறுமிடத்தில், தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்பவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்துள்ளார். குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று உரையாசிரியர்கள் விளக்குவர். நிலம் ஐந்தாக இருக்கும்போது இசையும் ஐந்தாகத்தான் இருக்கும் என்பதைத் தமிழர் இலக்கணமாகவே எழுதி வைத்துள்ளனர். இதைவிடப் பரந்த நோக்கு வேறென்ன வேண்டும்?

நம் குறிஞ்சி நிலமாகிய ஜமுனாமரத்தூரைச் சுற்றி ஒரு குழந்தை எவ்வளவு இசையைக் கேட்க முடியும் என்று எண்ணிப் பாருங்கள். சாமைக் கொல்லையில் களை எடுக்கும் பெண்கள் ஒருத்தி முன்பாட மற்றவர் பின்பாடுகின்றனர். அம்மன் திருவிழாவில் பம்பையும் உடுக்கையும் ஒலிக்கின்றன. திருமணத்தில் மேளம்; சாவில் பறையும் ஒப்பாரியும். கூத்துக்காரர் வந்துவிட்டால் ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம் ஆகியவற்றோடு விடிய விடியப் பாரதக் கதை. டீக்கடையில் திரைப்பாட்டு, பேருந்தில் அதைவிட உரத்த திரைப்பாட்டு. இத்தனையும் காசு கொடுக்காமல் காதுக்கு வருவன.

இவற்றைக் குழந்தைக்கு அறிமுகம் செய்ய இசைப் புலமை தேவையில்லை. “அதென்ன சத்தம்?” என்று குழந்தை கேட்கும்போது நின்று விடை சொல்லும் பொறுமையே தேவை. பறையை ஏன் தீயில் காய்ச்சுகிறார்கள் என்று எந்தப் பிள்ளையும் கேட்கும். மலைப் பனியின் ஈரத்தில் தோல் தளர்ந்துவிடுகிறது. தீயின் வெம்மை ஈரத்தை வாங்கத் தோல் இறுகுகிறது. இழுவிசை கூடினால் அதிர்வெண் கூடும். ஒலி கணீரென்று எழும். கல்லூரி இயற்பியலில் நாம் வாய்பாடாகப் படிப்பதைப் பறை அடிப்பவர் தம் விரல் நுனியில் வைத்திருக்கிறார். காய்ச்சுமுன் ஒரு தட்டு, காய்ச்சியபின் ஒரு தட்டு எனக் குழந்தையைக் கேட்கச் செய்தால் போதும். அறிவியலும் இசையும் ஒரே நேரத்தில் அறிமுகமாகிவிடும்.

மிருதங்கத்தின் வலப்புறத்தில் ஏன் கறுப்பு வட்டம் என்றும் கேட்பார்கள். சாதாரண வட்டத் தோலைத் தட்டினால் எழும் மேற்சுரங்கள் 1, 1.59, 2.14 என்று ஒன்றோடொன்று ஒட்டாத விகிதத்தில் அமையும். அதனால் சுருதி தெளிவாக இராது. மிருதங்கத்தில் பூசிய கருஞ்சாந்தின் எடையால் அவை 1, 2, 3 என்ற முழு எண் விகிதத்தை நெருங்குகின்றன. தோற்கருவி தந்திக் கருவி போலச் சுருதி பேசுகிறது. இதை ஆராய்ந்து 1920 இல் உலகுக்கு எடுத்துரைத்தவர் நம் சர் சி. வி. இராமன் அவர்கள். பெயர் அறியாத ஏதோ ஒரு கைவினைஞர் கண்டதை ஒரு பேரறிஞர் வியந்து விளக்கினார். குழந்தைக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை வேண்டுமா?

வானொலி கற்பித்த பாடம்

“நல்ல இசையை மட்டும் கேட்கச் செய்து, மற்றதைத் தடுத்துவிட்டால் என்ன?” என்று கண்டிப்பான பெற்றோர் கேட்கலாம். நம் நாட்டில் ஓர் அமைச்சரே அதைச் செய்து பார்த்துவிட்டார்.

1952 இல் மத்திய அரசின் செய்தி ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர் அவர்கள் செவ்வியல் இசையில் பெரும் பற்றுடையவர். திரைப்பாட்டு மக்களின் சுவையைக் கெடுக்கிறது என்று கருதி, அகில இந்திய வானொலியில் அதை ஏறத்தாழ இல்லாமலே செய்துவிட்டார். மக்கள் என்ன செய்தார்கள்? செவ்வியல் இசைக்கு மாறினார்களா? வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள்! இந்தித் திரைப்பாட்டும் தமிழ்த் திரைப்பாட்டும் கடல் கடந்து கொழும்பிலிருந்து வந்தன. முடிவில் 1957 அக்டோபரில் அரசே ‘விவித பாரதி’ என்னும் ஒலிபரப்பைத் தொடங்கித் திரைப்பாட்டை மீண்டும் அழைத்துக் கொண்டது.

மற்றொன்றும் கேளுங்கள். ஆர்மோனியம் இந்திய இசையின் நுட்பமான கமகங்களுக்கு ஒவ்வாதது என்று கூறி, 1940 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வானொலி நிலையத்துக்குள் அது நுழையாமல் தடுத்து வைத்திருந்தனர். அதனால் ஆர்மோனியம் அழிந்ததா? கூத்து மேடையிலும் நாடகக் கொட்டகையிலும் அது பாடிக் கொண்டேதான் இருந்தது.

நாடாளும் அரசாலேயே பூட்ட முடியாத செவியை வீட்டுக்காரர் பூட்ட முடியுமா? தடுக்கும் பாட்டையே பிள்ளை தலையணைக்கடியில் வைத்துக் கேட்பான். கேஸ்கர் அவர்கள் இசைக்குச் செய்த நன்மைகளும் உண்டு. 1952 இல் வானொலியில் தேசிய இசை நிகழ்ச்சி தொடங்கியது அவர் காலத்திலேதான். கூட்டிக் கொடுத்தது நிலைத்தது, தடுத்தது நிலைக்கவில்லை. இதுவே பெற்றோருக்கான பாடம்.

எது உயர்ந்தது? எது தாழ்ந்தது?

நான் சிறுவனாக இருந்தபோது ஒரு பள்ளி விழாவில் நடந்ததைக் கூற வேண்டும். ஒரு மாணவி மேடையேறித் தன் பாட்டி பாடும் நடவுப் பாட்டைப் பாடத் தொடங்கினாள். இரண்டடி முடிவதற்குள், “இதெல்லாம் வேண்டாம், நல்ல பாட்டாகப் பாடு” என்ற குரல் கீழிருந்து வந்தது. அவள் இறங்கிவிட்டாள். அதன்பின் பள்ளி முடியும்வரை அவள் எந்தப் பாட்டும் பாடி நான் கேட்டதில்லை. பாட்டோடு பாட்டியையும் சேர்த்துத் தாழ்த்தியதாகவே ஒரு குழந்தை இத்தகைய சொல்லைப் புரிந்து கொள்கிறது.

சில இசைகளைத் தாழ்வாக எண்ணும் பழக்கம், அவற்றை வாசிக்கும் மனிதரைத் தாழ்வாக எண்ணியதிலிருந்து வந்ததே தவிர, ஒலியிலிருந்து வந்ததன்று. பறை பட்ட பாட்டை நாம் அறிவோம். காலம் மெல்ல மாறி வருகிறது. 2025 ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றவர்களுள் மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானும், நம் திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையைச் சேர்ந்த தெருக்கூத்துக் கலைஞர் கண்ணப்ப சம்பந்தனும் இடம்பெற்றனர். “கூத்துப் பார்த்தால் கெட்டுப் போவாய்” என்று பிள்ளையை அடக்கும் பெற்றோர் இதை அறிந்து கொள்ளட்டும்.

அதேபோல், “அயலார் இசை நமக்கெதற்கு?” என்று ஒதுக்குவதும் தவறு. கருநாடக இசைக் கச்சேரியில் இன்று நீக்க முடியாத வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் அதைக் கற்று நம் இசைக்குள் கொண்டு வந்தார். முத்துசாமி தீட்சிதரே ஆங்கிலேயர் பேண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழியில் சொல் அமைத்தார். ‘நோட்டுச்சுரம்’ எனப்படும் அவ்வுருப்படிகள் இன்றும் குழந்தைகளுக்குக் கற்பிக்க மிக ஏற்றவை. நம் கூத்தின் ஆர்மோனியமும் ஐரோப்பியக் கருவியே. பாரதம் பாடும்போது அதை அயலார் கருவி என்று யாரேனும் நினைக்கிறோமா?

பல இசை கேட்டு வளர்ந்த செவி என்ன செய்யும் என்பதற்கு இளையராஜாவே போதிய சான்று. 1943 இல் பண்ணைப்புரத்தில் பிறந்த அவர், அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று பாடினார். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைநாட்டு இசை கற்றார். கருநாடக இசையும் பயின்றார். 1976 இல் ‘அன்னக்கிளி’யில் கிராமத்து மெட்டு திரையேறியது. 2025 மார்ச் 8 ஆம் நாள் இலண்டன் மாநகரில் அவருடைய சிம்பொனி அரங்கேறியது. வயற்காட்டுப் பாட்டு அவரைப் பின்தள்ளவில்லை. அது அவருக்கு உரமாயிற்று.

பெற்றோர் செய்யத் தக்கவை

இதுகாறும் கூறியவற்றிலிருந்து, செலவின்றி எல்லா வீட்டிலும் செய்யக் கூடியவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

1. பிறந்தது முதல் ஓராண்டு வரை தாய் மட்டுமன்றித் தந்தையும் பாட வேண்டும். தாலாட்டு பெண்ணின் வேலை என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பாட்டி இருந்தால் அவருக்கே முதலிடம். அவர் பாடுவதைக் கைப்பேசியில் பதிந்து வைத்துக் கொள்ளுங்கள். அதைவிட நல்ல வேலை அக்கருவிக்கு இல்லை.

2. கைப்பேசியில் பாட்டுப் போட்டால் திரையைக் கவிழ்த்து வையுங்கள். இரண்டு வயது நிறையும் வரை குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், அதன்பின் ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019 இல் அறிவுறுத்தியுள்ளது. பாட்டு காதுக்கு உரியது, கண்ணுக்கு அன்று.

3. வாரத்துக்கு ஒரு புது இசை போதும். இவ்வாரம் நாதசுரம், அடுத்த வாரம் புல்லாங்குழல், அதற்கடுத்து ஆப்பிரிக்க முரசு, இந்துஸ்தானி சித்தார், மேலைநாட்டுப் பியானோ என்று மாற்றுங்கள். ஒரு நாள் கேட்டு விட்டுவிடாமல், அதே பாட்டைப் பல நாள் போடுங்கள். பழகினால்தான் பிடிக்கும், பிடித்தால்தான் கேட்பார்கள் என்று காத்திருந்தால் ஒன்றும் நடவாது.

4. மூன்று வயது முதல் கையில் ஏதேனும் கொடுங்கள். கவிழ்த்த குடமும் இரண்டு குச்சியும் நல்ல தொடக்கம். புட்டிகளில் வெவ்வேறு அளவு நீர் ஊற்றித் தட்டினால் ஏழு சுரமும் வீட்டிலேயே கிடைக்கும். சத்தம் பொறுக்க முடியவில்லை என்றால் கொல்லைப் பக்கம் அனுப்புங்கள், குடத்தைப் பிடுங்காதீர்கள்.

5. கேட்ட பின் தேர்வு வைக்காதீர்கள். “இது என்ன இராகம்?” என்று அதட்டினால் இராகமும் கணக்குப் பாடம் போலக் கசந்துவிடும். “உனக்கு என்ன தோன்றியது?” என்று கேளுங்கள். “பிடிக்கவில்லை” என்று சொல்லும் உரிமையும் குழந்தைக்கு உண்டு.

6. ஒலிபெருக்கிக்கு அருகே குழந்தையைக் கொண்டு செல்லாதீர்கள். 80 டெசிபல் ஒலியைப் பெரியவர் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். சிறுவர்க்கு அந்த வரம்பு 75 டெசிபல் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மூன்று டெசிபல் கூடினால் ஒலியாற்றல் இரு மடங்காகும். கேட்கத் தக்க நேரம் பாதியாகும். திருவிழாக் குழாய் ஒலிபெருக்கியின் அருகில் நிற்கும்போது இக்கணக்கை நினைவில் கொள்க. கேட்கும் திறன் ஒருமுறை போனால் எந்த இசையும் திரும்பி வராது.

7. வளர்ந்த பிள்ளை புதுப் பாட்டுகளை நாடும்போது, “இதெல்லாம் ஒரு பாட்டா?” என்று கேட்காமல் அருகில் அமர்ந்து கேளுங்கள். 2021 இல் வெளியாகிப் பட்டி தொட்டியெல்லாம் ஒலித்த ‘என்ஜாய் எஞ்சாமி’ பாட்டில் ஒப்பாரியின் சாயல் உண்டு. அதைச் சுட்டிக் காட்டினால், பேரனின் பாட்டிலிருந்து பாட்டியின் பாட்டுக்கு ஒரு பாலம் கிடைத்துவிடும்.

8. முறையாகக் கற்க விரும்பும் பிள்ளைக்குத் திருவண்ணாமலையில் மாவட்ட அரசு இசைப்பள்ளி உள்ளது. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழாவும் நடைபெற்று வருகிறது. பிள்ளையின் பெயரைக் கொடுக்கத் தயங்காதீர்கள்.

மலைப் பிள்ளைகளின் ஐந்தாண்டு

இறுதியாக, நம் மலைக்கே உரிய ஒன்றைக் கூறியாக வேண்டும். இங்குப் பெற்றோர் பலர் வேலை தேடி மாதக்கணக்கில் வெளியூர் செல்கின்றனர். பிள்ளைகள் ஐந்து, ஆறு வயதிலேயே உண்டு உறைவிடப் பள்ளிகளுக்குப் போய்விடுகின்றனர். கல்விக்கு அது வேண்டியதே. அந்தப் படிகளில் ஏறித்தான் நானும் இக்கல்லூரிக்கு வந்தேன். ஆனால் விடுதி மணியோசையில் எழுந்து மணியோசையில் உறங்கும் பிள்ளைக்கு, நடவுப் பாட்டைப் பாட அங்கே பாட்டி இல்லை. ஆகவே நம் பிள்ளைகளுக்கு வீட்டு இசை கேட்கக் கிடைப்பது பெரும்பாலும் முதல் ஐந்தாண்டுகளே. சமவெளியில் உள்ள தாய் நாளை பாடிக் கொள்ளலாம் என்று இருக்கலாம். நம் தாய்மார் அப்படி இருக்க முடியாது.

விடுதியில் இருக்கும் மூத்த மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. மாலை நேரத்தில் ஆளுக்கொரு பாட்டு, அவரவர் ஊர்ப் பாட்டு, என்று பாடினால் எத்தனை ஊர் இசை ஒரே கூரையின் கீழ் சேரும்! கல்லூரியில் படிக்கும் நாம் விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, நம் தம்பி தங்கையரை அழைத்துச் சென்று ஒரு முழுக் கூத்தையாவது காட்டலாம். பாட்டு அறிந்த முதியோர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர். நூலகம் எரிந்தால் ஊரே கூடி அழுகிறோம். பாட்டி மறைந்தால் பாட்டியை மட்டும் நினைத்து அழுகிறோம். அவரோடு போன பாட்டுகளை யாரும் கணக்கிடுவதில்லை.

முடிவுரை

நம் சவ்வாது மலையின் காவலூரில் உள்ள வானாய்வகத்தை அறியாதார் இல்லை. 1986 முதல் அங்கு இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி, எண்ணிப் பார்க்க முடியாத தொலைவிலுள்ள விண்மீன்களின் ஒளியை வாங்குகிறது. ஆனால் அதன் அடித்தளம் இந்த மலைப் பாறையில் உறுதியாக ஊன்றப்பட்டிருக்கிறது. அடித்தளம் ஆடினால் தொலைவிலுள்ளது தெளிவாகத் தெரியாது. குழந்தையின் செவியும் அத்தகையதே. தாயின் தாலாட்டும், ஊரின் பறையும், கூத்தின் முகவீணையும் அதற்கு அடித்தளம். அது உறுதியாக அமைந்துவிட்டால், உலகின் எந்த மூலையிலிருந்து எந்த இசை வந்தாலும் அது அஞ்சாது. தன்னுடையதை எண்ணி நாணவும் நாணாது.

ஆகவே என் அக்காளுக்கும், அவரைப் போன்ற தாய்மார்களுக்கும் நான் கூறும் விடை இதுவே: இங்கிலீசுப் பாட்டும் போடுங்கள், வேண்டா என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் நீங்கள் பாடுங்கள்.